திருகில் ஒட்டிய செதில்

"மீன் செதிலா மேடம்?" அம்மாவாசை கைக்குட்டைக்கு மேல் குனிந்து பார்த்தான். "இதுக்காகவா இவ்ளோ நேரம் உள்ள இருந்தீங்க? கேட்டிருந்தா எங்க வீட்டுச் சாக்கடை ஓரத்துலருந்து ஒரு படி அள்ளிட்டு வந்திருப்பேனே."

"சாக்கடை ஓரத்துல கெடைச்சிருந்தா நானும் உட்டுட்டு வந்திருப்பேன். இது ஆக்சிஜன் திருகுல ஒட்டிட்டு இருந்துச்சு."

அம்மாவாசை வாயை மூடிக்கொண்டான். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனை உதவியாளாகச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அந்த வாய் தானாக மூடிக்கொண்டதை அறிவுமதி பார்த்தது அபூர்வம். போலீஸ் வேலையின் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உப்பளம் பகுதியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். காணாமல் போன ஸ்கூட்டர், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரணை, இதுதான் அன்றாடப் பிழைப்பு. ஒரு மனிதனின் மூச்சை யார் திருடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. வந்தவள் சரிதா.

சாரம் பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னத் தனியார் மருத்துவமனை அது. இரண்டாம் மாடி அறையில் சரிதாவின் அப்பா ராமலிங்கம் படுத்திருந்தார். வைத்திக்குப்பத்து மீனவர். வலை இயந்திர விசிறியில் சிக்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்து அறுத்துவிட்டு வருகிற ஆள். அந்த மூச்சைப் பீடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. திணறலோடு வந்து சேர்ந்தவர், மூக்குக் குழாயில் ஆக்சிஜன் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து பேசினார். அதன் பிறகுதான் இந்தக் கூத்து தொடங்கியது. காலையில் பேசுகிறார், மத்தியானம் ஆனால் தலை தொங்கிவிடுகிறது. கூப்பிட்டால் முனகல்தான் பதில். இன்னொரு தரம் இப்படி ஆனால் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரத்தோடு பூட்ட வேண்டியதுதான், இந்த நுரையீரல் அதிலிருந்து திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"யாரோ எங்கப்பாவுக்குப் போற ஆக்சிஜனக் கொறைக்கிறாங்க மேடம்," என்று சரிதா அழுதாள். யாரோ என்ன யாரோ, நர்ஸ் ரஞ்சிதம்தான் என்றாள். அவள் திருகைக் குறைப்பதை சரிதா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்று காலை ரஞ்சிதம் வேலைக்கு வந்தபோது சரிதாவின் அம்மா தனக்கொடி வாசலிலேயே மறித்து, தெருமண்ணை வாரி அவள் தலையில் தூற்றி, "என் தாலிய அறுக்குற உன் கையி வெளங்காமப் போவ!" என்று சாபம் விட்டிருந்தாள்.

ரஞ்சிதத்தை அறிவுமதி விசாரித்தபோது அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. "டாக்டர் சொன்ன அளவுல வெச்சேன். விரல்ல மாட்டுற மெஷின்ல அவருக்குத் தொண்ணூறு காட்டினா போதும் மேடம். தொண்ணூத்தொம்பது வந்தாதான் எனக்கு பயம்," என்றாள்.

"எங்கப்பாவும் அப்படித்தான்," என்றான் அம்மாவாசை. "எனக்கு முப்பத்தஞ்சு மார்க்கு போதும்னுவாரு. நூறு வாங்குனா யாரப் பாத்து எழுதினன்னு பெல்ட்ட எடுத்துடுவாரு."

சமாளிக்கிறாள் என்றுதான் அறிவுமதியும் நினைத்தாள். விசாரணை முடியும் வரை ரஞ்சிதம் மாடிப் படியேறக் கூடாது, கீழே அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும், மாடி அறைகளுக்கு ஃபோனில்கூடப் பேசக் கூடாது என்று நிர்வாகத்திடம் சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டாள். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது தோன்றியது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செதில் கண்ணில் பட்டது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஆக்சிஜன் கருவி. மேலே ஒரு கண்ணாடிக் குழலும் அதற்குள் மிதக்கும் குண்டும். பக்கத்தில் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. கீழே தண்ணீர் பாட்டில், அதில் குமிழிகள் மளமளவென்று பொங்கிக்கொண்டிருந்தன. தனக்கொடி புருஷனின் பாதத்தைப் பிடித்துவிட்டபடி அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமலிங்கத்தின் விரலில் மாட்டியிருந்த கருவி தொண்ணூற்றொன்பது காட்டியது. கையைத் தொட்டால் நல்ல சூடு. முகத்திலும் சிவப்பு ஏறியிருந்தது. இப்போதைக்குப் பயமில்லை என்று அறிவுமதி மூச்சு விட்டுக்கொண்டாள். திருகின் பல்லிடுக்கில் செதில் மினுக்கியது அப்போதுதான்.

"ரஞ்சிதம் வடலூர் வள்ளலார் பக்தை," என்றாள் அறிவுமதி, கைக்குட்டையை மடித்தபடி. "மீன் வாடை அடிச்சாலே மூக்கப் பொத்திக்கிற ஜாதி. இந்தச் செதில் அவ கையிலருந்து வந்திருக்காது."

"அப்போ மீனுல பொழங்குற ஆளு. தெனம் மத்தியானம் சோறு எடுத்துட்டு வர்ற அவரு தம்பி மவன் செல்வகுமார்." அம்மாவாசை விரலைச் சொடுக்கினான். "பைபர் படகுல பாதிப் பங்கு. வித்துடலாம்னு அவன் சொல்றான், பெரியப்பன் மாட்டேங்குறாரு. பெரியப்பன் போயிட்டா படகு கைக்கு வருது. நான் வக்கீலா இருந்தா இப்பவே டீ குடிக்கப் போயிடுவேன்."

"நீ வக்கீல் இல்ல. அவன் எங்க இருப்பான்னு சரிதாகிட்ட கேட்டுட்டு வண்டிய எடு."

ஸ்கூட்டர் நெல்லித்தோப்பு சிக்னலில் வெந்து, மரப்பாலம் தாண்டி, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஏலம் முடிந்து தளத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. செல்வகுமார் அங்கேதான் இருந்தான்.

அவர்களைப் பார்த்ததும் அவன் ஓடவில்லை. அதுவே அம்மாவாசைக்கு ஏமாற்றமாக இருந்தது. துரத்திப் பிடிப்பதற்காக அவன் செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தான்.

"பெரியப்பாவுக்கு இன்னாச்சு?" என்றான் செல்வகுமார், முகம் வெளுத்து. "ஃபோன் வந்துச்சா?"

"அவர் ஆக்சிஜன் திருகுல நீ ஏன் கை வெச்ச?" அறிவுமதி கைக்குட்டையை அவன் மூக்குக்கு நேரே விரித்தாள்.

அவன் செதிலைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். பிறகு கொட்டகை ஓரத்தில் வரிசையாக நின்ற தொட்டிகளைக் காட்டினான். "நான் படகு ஏறி மாசக்கணக்காவுது மேடம். இதான் இப்போ என் தொழில். சிங்கி எறா, உசுரோட ஓட்டலுக்குக் குடுக்கணும். சிங்கிக்கு மேல ஓடுதான். செதிலு ஏது?"

"மீன் எதுவும் தொடறதில்லையா?"

"மீனு தொட்ட கையத் தொட்டியில உட்டா தண்ணி கெட்டு அத்தனையும் சாவும். எங்க வூட்ல குழம்புக்குக்கூட என் பொண்டாட்டிதான் ஆயும்."

அம்மாவாசை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு சிங்கி இறால் அவனைப் பார்த்தது. "நல்ல சாட்சி மேடம். எனக்கு இருக்கறத விட மீசை பெருசு."

அறிவுமதி சிரிக்கவில்லை. அவள் கண் தொட்டியின் அடியில் இருந்தது. சிறு மோட்டாரிலிருந்து குழாய் இறங்கி, தண்ணீருக்குள் குமிழிகளை விட்டுக்கொண்டிருந்தது. அதே சத்தம். அரை மணிக்கு முன் கட்டிலுக்குப் பின்னால் கேட்ட அதே கொப்பளிப்பு.

"இது எதுக்கு?"

"காத்து மோட்டார். குமிழி நின்னா சரக்கு போச்சு. பெரிம்மாதான் கத்துக் குடுத்துச்சு. முன்னாடி அதுதான் இந்தத் தொட்டிங்களப் பாத்துக்கும், இப்போதான் மார்க்கெட்ல மீன் விக்கிது." செல்வகுமார் குனிந்து ஒரு திருகைத் தொட்டுக் காட்டினான். "சிங்கி சோந்து கெடந்தா, பெரிம்மா வேற எதையும் பாக்காது. காத்தக் கூட்டு, காத்தக் கூட்டுன்னு கத்தும். கூட்டினா எழுந்துக்கும்."

அறிவுமதி அந்தத் திருகையே பார்த்தாள். சோர்ந்து கிடந்தால் காற்றைக் கூட்டு. தனக்கொடி விடிகாலை மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுத்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு வருகிறவள். அவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? திருகைக் குறைத்தவர்களைத் தேடித் தேடி, கூட்டியவர் ஒருவர் இருக்கலாம் என்பதையே மறந்து போயிற்று. தொண்ணூத்தொம்பது வந்தாதான் எனக்கு பயம். அந்த நர்ஸ் சமாளிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதைக் காதால் கேட்டும், காவலுக்கு இருந்த அவளையே படியிறக்கிவிட்டு வந்திருக்கிறாள் அறிவுமதி.

உடனே சரிதாவை ஃபோனில் அழைத்தாள்.

"சரிதா, அப்பா எப்படி இருக்காரு?"

"கண்ணையே தொறக்கல மேடம். மூச்சு மெதுவா வருது. அம்மா தலையில அடிச்சிக்கிட்டு அழுவுது. செல்வகுமார் ஒத்துக்கினானா?"

"அவன் இல்ல. நல்லா கேளுங்க. ரஞ்சிதத்தை உடனே மேல கூப்பிடுங்க. அப்பாவுக்குப் போற ஆக்சிஜனக் கொறைக்கணும்."



"கொறைக்கவா?" என்றாள் சரிதா. குரல் மாறிப் போயிருந்தது. "கொறைக்கறவளப் புடிச்சுக் குடுக்கறேன்னு வந்தீங்க. இப்போ நீங்களே கொறைக்கச் சொல்றீங்க. அவகிட்ட எவ்ளோ வாங்கினீங்க மேடம்?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை. மருத்துவமனை எண்ணில் வரவேற்புப் பெண் கிடைத்தாள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறார் என்றாள். ரஞ்சிதத்தை மேலே அனுப்பு என்றதற்கு, "அவங்க மேல போவக் கூடாதுன்னு காலையில யாரோ டிடெக்டிவ் ஆர்டர் வாங்கியிருக்காங்க மேடம்," என்றாள்.

"அந்த டிடெக்டிவ் நான்தாம்மா!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க மேடம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அம்மாவாசை ஒரு வேடிக்கையும் பேசவில்லை. ஹாரனில் வைத்த கட்டை விரலை எடுக்கவும் இல்லை. மறைமலை அடிகள் சாலையில் தனியார் பேருந்துகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு குறுக்கே நின்றன. அறிவுமதி பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் சபித்தாள். கடைசியில் தன்னையும் சபித்துக்கொண்டாள். ஒரு மனிதன் தன் மனைவியின் அன்பில் மூச்சடைத்துக் கிடக்கிறான், அதைத் தடுக்கத் தெரிந்த ஒரே பெண்ணை நான் கட்டிப் போட்டுவிட்டேனே என்று.

அவசரப் பிரிவில் ரஞ்சிதம் ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தாள். கொண்டையிலும் வகிட்டிலும் காலையில் விழுந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளை யாரும் விடவில்லை போலும்.

"மேல வாங்க. அவருக்கு ஆக்சிஜன ஏத்திட்டாங்க. தெனமும் ஏத்தியிருக்காங்க."

"என்ன வரக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான். அப்புறமா எவ்ளோ வேணா திட்டுங்க. இப்போ ஓடுங்க."

ரஞ்சிதம் அதற்குள் படியேறத் தொடங்கியிருந்தாள்.

அறை வாசலில் சரிதா இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "இவ உள்ள வந்தா நான் கீழ குதிச்சுடுவேன்!"

அவள் தோளுக்கு மேல் அறிவுமதிக்கு எல்லாம் தெரிந்தது. ராமலிங்கத்தின் வாய் திறந்து கிடந்தது. நெஞ்சு எழுந்து, மறுபடி எழ வெகுநேரம் எடுத்தது. தனக்கொடியின் வலது கை திருகில். கண்ணாடிக் குழலுக்குள் குண்டு மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. பாட்டிலில் தண்ணீர் உலையாய்க் கொதித்தது.

"சரிதா, அந்த மெஷினப் பாருங்க," என்றாள் அறிவுமதி. "எவ்ளோ?"

"தொண்ணூத்தொம்பது. நல்லாத்தானே இருக்கு!"

"யாரோ காத்தக் கொறைச்சிருந்தா அந்த நம்பர் எறங்கியிருக்கணும். உங்கப்பா கெறங்குற ஒவ்வொரு தரமும் அது ஏறித்தான் இருக்கு. நம்பர் ஏற ஏற ஆள் எறங்குறாரு. இன்னும் புரியலையா?"

சரிதா திரும்பி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தை. விரித்த கைகள் தானாகத் தொங்கின.

அந்த இடைவெளியில் அம்மாவாசை உள்ளே பாய்ந்தான். "இப்பவே மூடிடறேன்!" என்று திருகை எட்டினான். ரஞ்சிதம் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

"மூடாதீங்க! மொத்தமா மூடினா அதுவும் கொலைதான்!"

அவள் தனக்கொடியின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருகிலிருந்து பிரித்தாள். பிறகு எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்ல மெல்லத் திருகினாள். ஒரு கையால் நோயாளியின் நெஞ்சைத் தொட்டுக்கொண்டே வாசலைப் பார்த்து, "டாக்டரக் கூப்பிடுங்க, பைபாப் மெஷின் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இறுக்க மாஸ்க் போட்டு மூச்சத் தள்ளுமே அது!" என்று கத்தினாள். அம்மாவாசை படிகளில் உருண்டு ஓடினான்.

குமிழிகள் அடங்கின. எண் இறங்கியது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் தனக்கொடி வயிற்றில் அடித்துக்கொண்டாள். "போவுதே, போவுதே! என் கண்ணு முன்னாடியே கொல்றாளே!"

"போவட்டும்மா," என்றாள் ரஞ்சிதம், திரும்பாமலே. "அவரு நெஞ்சு கொஞ்ச காத்துலயே பழகிப் போனது. இப்படி வாரிக் கொட்டினா உள்ள இருக்கற கெட்ட காத்து வெளிய போவாம அப்படியே தங்கிடும். அதுதான் இந்த மயக்கம். அவரு தூங்கல. மூழ்கிட்டு இருக்காரு."

கடைசிச் சொல் மட்டும் தனக்கொடிக்கு உடனே புரிந்தது. கடலோரத்தில் பிறந்தவள். அவள் அழுகை நின்றது.

டாக்டர் தியேட்டர் உடையோடு வந்தார். பார்த்தார், ஒரே வரியில் ரஞ்சிதத்திடம் கேட்டுக்கொண்டார், முகமூடியை இறுகக் கட்டினார். இயந்திரம் உஸ்ஸென்று மூச்சைத் தள்ளத் தொடங்கியது. "கொஞ்ச நேரம் பாக்கறேன். முழிப்பு வரலைன்னா குழாய்தான்," என்றார்.

காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்து எதிர்வீட்டுச் சுவருக்குப் போனது. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவே எண் ஊசலாடியது. அந்தச் சிறிய எண்ணை நம்புவது எவ்வளவு கடினம் என்று அறிவுமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கே திருகைத் தொட வேண்டும் என்று கை அரித்தது.

சரிதா அவளை ஓரமாக இழுத்தாள். "யாரு மேடம்? அம்மா இன்னிக்குப் பயத்துல திருகப் புடிச்சிச்சு, தெனமும் ஏத்தினது யாரு? எனக்குப் பேர் வேணும். ஸ்டேஷனுக்குப் போறேன்."

இத்தனை வருடத் தொழிலில் குற்றவாளியின் பெயரைச் சொல்ல அறிவுமதி தயங்கியதில்லை. கைக்குட்டைக்குள் இருந்த செதில் ஒரு படகு கனத்தது.

"நான்தாண்டி," என்றாள் தனக்கொடி.

தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவை எங்கும் போய்விடாதபடி மேலே உட்கார்ந்திருந்தாள். "நர்ஸம்மா வந்தா குமிழி ஒண்ணு ஒண்ணா வரும். பாத்தா எனக்கு உசுரே போவும். அந்த அம்மா அந்தாண்ட போனதும் ஏத்துவேன். செருப்புச் சத்தம் கேட்டா எறக்குவேன். எங்கத் தொட்டியில எத்தினி உசுரு இப்படித்தான் எழுந்திரிச்சிருக்கு. கட்டினவன் எழுந்துக்க மாட்டானான்னு நெனச்சேன்." அவள் மகளைப் பார்த்தாள். "ஸ்டேஷனுக்குப் போறியா? நான் வரேன் வா."

சரிதா அம்மாவின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

அப்போது கட்டிலில் ஏதோ அசைந்தது. ராமலிங்கத்தின் வலது கை எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி முகமூடிக்குப் போயிற்று. முகமூடியைப் பிடுங்கப் போகிறார் என்று ரஞ்சிதம் தாவினாள். பிடுங்கவில்லை. இரண்டு விரல்களைச் சேர்த்து உதட்டுக்கு நேரே வைத்து, அரைக் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார்.

"மேடம்," என்றான் அம்மாவாசை. "அவரு பீடி கேக்குறாரு."

"அடப் பாவி மனுசா!" தனக்கொடி எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உன் வாயில மண்ணு உழ! எழுந்து வா, பீடிக் கட்டோட உன்ன வெச்சுக் கொளுத்தறேன்!" ராமலிங்கத்தின் கண் ஓரம் சுருங்கியது. திட்டு அவருக்கு விளங்கிவிட்டது. டாக்டர், தயாராக வைத்திருந்த தொண்டைக் குழாய்த் தட்டை மூடி வெளியே அனுப்பினார்.

தன் வாயிலிருந்தே வந்த அந்த மண் என்ற சொல்தான் தனக்கொடியைத் திருப்பியது. அவள் ரஞ்சிதத்தைப் பார்த்தாள். அவள் வகிட்டைப் பார்த்தாள். காலையில் தான் தூற்றியது அப்படியே இருந்தது.

முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது. "மீனு கையி," என்றாள். "தொடலாமா?"

ரஞ்சிதம் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். தனக்கொடி மண்ணை ஒவ்வொரு பொடியாக எடுத்தாள். வகிட்டில், காதோரத்தில், கொண்டைப் பின்னலில், பேன் பார்க்கிற பொறுமையோடு கடைசித் துகள் வரை எடுத்தாள்.

மண் போன இடத்தில் அவள் விரலிலிருந்து ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. சுவர்க் கண்ணாடியில் ரஞ்சிதம் அதைப் பார்த்ததை அறிவுமதி கவனித்தாள். வள்ளலார் பக்தை மூக்கைப் பொத்தவில்லை, தட்டிவிடவும் இல்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டே திரும்பி, குமிழிகள் ஒவ்வொன்றாக வருகின்றனவா என்று பார்க்கப் போனாள்.